பொதுச் சொத்தில் கதிரை போட்டவர்கள்

சிட்னியின் மேற்கே, மெரிலேண்ட்ஸில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீடு மேற்குப் பார்த்தது. மூன்று மாடிச் செங்கல் கட்டடத்தில் நடு மாடி, பின்பக்கம். ஜனவரி மாதத்தில் மத்தியானம் திரும்பியதும் வெயில் கண்ணாடிக் கதவு வழியாக நேரே வந்து சோபாவில் ஏறிவிடும். பொழுதுபட்ட பிறகும் சுவரைத் தொட்டால் சுடும். ஏசி பூட்ட வீட்டுக்காரி சம்மதிக்கவில்லை. நானும் கணவரும் மேசைக் காற்றாடியை நடுவில் வைத்து, அது முகத்தைத் திருப்பும் பக்கமெல்லாம் சரிந்து கொடுத்து மாலையைக் கழிப்போம். கதவு பூட்டியிருக்கும். திரைச்சீலை இழுத்திருக்கும்.

அப்படியே இருந்து பழகிவிட்டோம். மிளகாய் தாளிக்கும்போது யன்னலைச் சாத்துவது, ரயிலில் குரலைத் தாழ்த்தித் தமிழ் கதைப்பது, மகள் சிறியவளாக இருந்தபோது மாடிப்படியில் ஓடினால் வாயில் விரல் வைத்து அதட்டுவது. இதையெல்லாம் செய்யச் சொல்லி எங்களிடம் எவரும் கேட்டதில்லை. என் கணவர் அகதியாக வந்து, விசா முடிவு தெரியாமல் வருடக்கணக்காகக் காத்திருந்தவர். அரசாங்கக் கடித உறை தபாலில் வந்தால் இன்றைக்கும் அவருக்கு உள்ளங்கை வேர்க்கும். "ஒருத்தற்ற கண்ணிலையும் படாமல் இருந்திட்டால் காணும்" என்பார். கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வழியாகிவிட்டது.

அந்தக் கோடையில் கீழ்வீட்டுக்கு ஒரு கிரேக்கப் பெண் குடிவந்தாள். என் வயதுதான், ஐம்பதைத் தாண்டியவள். ஏதென்ஸில் பள்ளிக்கூடப் புத்தகமும் பேனாவும் விற்கும் கடை வைத்திருந்தவள். அந்த நாட்டில் பண நெருக்கடி வந்தபோது கடை படுத்துவிட்டது. அவளுடைய கணவர் சிட்னியில் பிறந்து சிறுவயதிலேயே கிரீஸுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவரிடம் இருந்த குடியுரிமையைப் பிடித்துக்கொண்டு இருவரும் வந்து சேர்ந்தார்கள். அவருக்கு வெளியூரில் டைல் பதிக்கும் வேலை, சனி ஞாயிறுதான் வீடு. அவளுக்குப் பேக்கரியில் விடியப்புற வேலை.

ஒரு மாலை நான் வேலையால் வரும்போது அவள் கட்டடத்தின் முன்வாசலில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றாள். கடிதப் பெட்டிகளுக்கும் கார் போகும் பாதைக்கும் நடுவே அங்கே கொஞ்சம் சீமெந்துத் தரை உண்டு. கிழக்குப் பக்கம் என்பதால் பின்னேரம் கட்டடத்தின் நிழல் முழுக்க அதில் விழும். ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்தது. இன்னும் ஒரு வாளி ஊற்றினாள். பிறகு உள்ளே போய் இரண்டு கதிரைகளைத் தூக்கி வந்து போட்டாள். ஒன்றில் இருந்துகொண்டு, மற்றதைக் கையால் தட்டி, என்னைப் பார்த்து, "காத்திஸே" என்றாள்.

சொல் விளங்கவில்லை. தட்டிய கை விளங்கியது. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஆங்கிலம்தான். அதில் பேசியதை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"நான் போய்ச் சமைக்க வேணும்" என்றேன்.

"இந்த வெயிலிலா? உனக்கென்ன பைத்தியமா?"

அவள் கோடையில் வீட்டு அடுப்பை மூட்டுவதே இல்லையாம். தக்காளியைக் குடைந்து, அரிசியும் புதினாவும் வைத்து அடைத்து, தட்டோடு வேலைக்குக் கொண்டுபோவாள். பாண் சுட்டு முடிந்த அடுப்பின் மிச்சச் சூட்டில் அதை வைத்து எடுத்துக்கொண்டு மத்தியானம் வீடு வருவாள். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் தெருவில் பாதிப் பேர் பேக்கரிக்குத் தட்டு அனுப்புவார்களாம். வந்ததும் யன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டுப் படுத்துவிடுவாள். அந்த நேரத்தில் ஏதென்ஸில் எவரும் எவருக்கும் போன் எடுப்பதில்லை, எடுத்தால் அது சாவுச் செய்தி என்றாள். பின்னேரம் எழும்பி முகம் கழுவி, வெளியே வந்து இருப்பாள். கோடையில் வீடு என்பது தூங்குவதற்கு மட்டும்தான்.

நான் இருந்தேன். கால் மடிந்து உட்கார்ந்த பிறகுதான் எவ்வளவு களைத்திருக்கிறேன் என்று தெரிந்தது. சிறுபிள்ளைகள் காப்பகம் ஒன்றின் குசினியில் எனக்குச் சமையல் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். அவள் ஒரு ஜாம் போத்தலில் கோப்பித்தூள், சீனி, கொஞ்சம் தண்ணீர் போட்டு மூடி, நுரை தள்ளும்வரை குலுக்கி, ஐஸ் கட்டி போட்டு என்னிடம் நீட்டினாள். குடித்துக்கொண்டே, உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டி, இதற்கு எங்கள் தமிழில் 'கதிரை' என்று சொல்வோம் என்று சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"எங்களிடமும் அப்படி ஒரு பழைய சொல் இருக்கிறது. கதேத்ரா. ஆனால் அது பிஷப்பும் பேராசிரியரும் உட்காருவது."

"அப்ப இண்டைக்கு நாங்கள்தான் பேராசிரியர்கள்" என்றேன். போர்த்துக்கேயர் எங்களுக்குத் தந்த அந்தச் சொல் அவர்களுக்கே கிரேக்கத்திலிருந்துதான் போனது என்று அப்போது எனக்குத் தெரியாது. அவள் சிரித்த சத்தத்தில் மேல் மாடியில் ஒரு யன்னல் திறந்தது.

அன்று வீட்டுக்குள் நுழைந்ததும் கணவர் கேட்டார்: "ரோட்டுக் கரையில கதிரை போட்டோ குந்தியிருந்தனீர்?"

"ரோட்டுக் கரையில்லை. எங்கட முன்வாசல்."

"எங்கட எண்டு ஆர் சொன்னது? பொழுதுபடுற நேரம் வெளியில என்ன வேலை?"

அந்தக் கடைசிக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். பொழுதுபட்டால் உள்ளே போய்ப் படலையைச் சாத்து என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள் இருவரும். சண்டைக் காலத்தில் ஊருக்குள் இராணுவ ரோந்து வரும், ஹெலி வரும். அவருடைய தமையனை ஒரு மாலை நேரத்தில்தான் வாசலில் வைத்துக் கொண்டுபோனார்கள். நான் அவரோடு வாதாடவில்லை. ஆனால் மறுநாளும் கீழே போனேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு மாலையும் போனேன். அவள் வத்தகப்பழமும் உப்புக் கரிக்கும் வெள்ளைப் பாற்கட்டியும் கொண்டுவருவாள். இரண்டையும் சேர்த்துக் கடிக்க வேண்டுமாம். நான் கறிவேப்பிலை போட்ட மோர் கொண்டுபோவேன். என்னை 'யிதோனிசா' என்று கூப்பிடத் தொடங்கினாள். பக்கத்துவீட்டுக்காரி என்று அர்த்தம். நானும் அவளை அப்படியே கூப்பிட்டேன். மேல் மாடி நேபாளத் தம்பதி கைக்குழந்தையோடு இறங்கி வந்தார்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் சிலர் கடிதப் பெட்டியைத் திறந்தபடி நின்று கதைத்துவிட்டு ஏறினார்கள்.

அவள் ஏதென்ஸைப் பற்றிச் சொல்லுவாள். ஆறு மாடிக் கட்டடங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் கோடு போட்ட துணிக்கூரை இழுத்த பால்கனி. ஒரு வீட்டில் சண்டை நடந்தால் எதிர் பால்கனிக்காரர் தீர்ப்புச் சொல்வார். வெளிச்சம் மங்கியதும் மொட்டை மாடியில் சினிமா போடுவார்கள், பக்கத்துக் கட்டடத்துக்காரர்கள் டிக்கெட் இல்லாமல் பார்ப்பார்கள். ஆகஸ்டில் நகரம் முழுக்கக் கடலுக்குப் போய்விடும்.

"நீங்கள் போக மாட்டீர்களா?"

"காசு இல்லாத வருடங்களில் போகவில்லை. போகாதவர்கள்தான் மிச்சம். அந்த மாதம் தெரு, பஸ், சதுக்கம் எல்லாம் எங்களுடையது. இங்கே பார். இந்த ஜனவரியில் கடற்கரை வீட்டுக்குப் போகாமல் மெரிலேண்ட்ஸில் மிஞ்சியிருப்பது யார்? நாங்கள். அப்படியென்றால் இது யாருடையது?"

வெக்கை அதிகமான நாட்களில் எல்லோரும் காத்திருப்பது தெற்குக் காற்றுக்கு. அது கடற்கரை வழியே மேலேறி வரும். எங்களுக்கு வருவதற்கு முன்னர் தெற்கே உள்ள ஹெலன்ஸ்பர்க்கைத் தொடும். என் கணவரின் சிநேகிதர் ஒருவர் அங்கே கோயில் மடப்பள்ளியில் உதவிக்கு நிற்பவர். அங்கே காற்று மாறியதும் போன் எடுத்துச் சொல்வார். இதை அவளுக்குச் சொன்னதிலிருந்து, "உன் கடவுள் காற்றை அனுப்பிவிட்டாரா?" என்று தினமும் கேட்பாள். நான் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டுக் கேட்பேன். கணவர் படிக்கட்டு யன்னலால் தலையை மட்டும் நீட்டி, "இன்னும் இல்லை" என்பார். கீழே இறங்க மாட்டார்.

பிப்ரவரி தொடக்கத்தில் கடிதப் பெட்டிகளுக்கு மேலே ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பொதுச் சொத்தில் கதிரை, மேசை போன்ற தளபாடம் வைப்பதும் கூடுவதும் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்றும், இதைத் தடுக்கும் விதி வரும் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு விடப்படும் என்றும் இருந்தது. ஒட்டியது ஸ்ட்ராட்டா, அதாவது வீட்டுச் சொந்தக்காரர்கள் சேர்ந்து கட்டடத்தை நடத்தும் குழு. அதன் செயலாளர் மேல் மாடியில் சொந்த வீட்டில் இருந்த ஒரு தமிழ்நாட்டுக்காரர், கணினித் துறையில் வேலை. நல்ல மனிதர். பொங்கலுக்கு எங்களுக்குச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து தந்தவர்.

கணவர் அதைப் படித்துவிட்டு வந்து சாப்பிடாமல் இருந்தார். "நான் சொன்னனான்" என்றார். அவ்வளவுதான்.

கீழ்வீட்டுக்காரி படித்துவிட்டு, அன்று மாலை இரண்டு கதிரைக்குப் பதிலாக நாலு கதிரை கொண்டுவந்து போட்டாள்.

செயலாளர் என்னைப் படிக்கட்டில் மறித்தார். "அக்கா, ஒரு நிமிஷம் பேசலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. மார்ச்ல நான் ஃபிளாட்ட விக்கலாம்னு இருக்கேன். பாக்க வர்றவங்க கண்ணுல முதல்ல படறது அந்த முன்வாசல்தான். அங்க பக்கெட்டு, சேரு, தர்பூசணி... ஏதோ ஹவுசிங் போர்டு மாதிரி இருக்கு. அந்தம்மாகிட்ட நீங்க சொன்னா கேப்பாங்க."

"நாங்கள் கூட்டித் துடைச்சுப்போட்டுத்தான் தம்பி மேல ஏறுறனாங்கள். நீங்களும் ஒருநாள் வந்து இருந்து பாருங்கோவன்."

"எனக்கு எங்கக்கா நேரம்? நம்ம ஆளுங்களே இப்படிப் பண்ணா நல்லாவா இருக்கு? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வாடகைக்கு இருக்கீங்க. உங்க ஓனருக்கு ஒரு நோட்டீஸ் போச்சுன்னா லீஸ் புதுப்பிக்கறது கஷ்டமாயிடும்."

பயம் வரவேண்டிய இடம் அது. எனக்குக் கோபம் வந்தது. 'நம்ம ஆளுங்க' என்று கூப்பிட்டுவிட்டு அதே மூச்சில் வெருட்டியது பிடிக்கவில்லை.

"ஓம் தம்பி, வாடகைக்குத்தான் இருக்கிறம். வாடகை குடுத்துத்தான் இருக்கிறம். அந்த வாடகைக்குள்ள நிழலும் சேர்த்தி" என்றேன். சொல்லிவிட்டுப் படி ஏறினேன்.

கூட்டம் கட்டடத்துக்குக் கீழே கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. மடக்குக் கதிரைகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள், சொந்தக்காரர்களுக்கு மட்டும். வாடகைக்காரர்கள் வரலாம், பின்னால் நிற்கலாம், கதைக்கக் கூடாது, வாக்குப் போடவும் முடியாது. கீழ்வீட்டுக்காரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து பின்வரிசையில் போட்டாள். திரும்பப் போய் எனக்கும் ஒன்று கொண்டுவந்தாள்.

அவளுடைய வீட்டுக்குச் சொந்தக்காரரும் வந்திருந்தார். அவரும் கிரேக்கர். சிறுவனாகக் கப்பலில் வந்து, உழைத்து, இப்போது பல வீடுகள் வைத்திருப்பவர். எழும்பி வந்து அவள் காதருகே குனிந்து கிரேக்க மொழியில் ஏதோ சீறினார். அவள் சத்தமாக ஆங்கிலத்தில் பதில் சொன்னாள்.

"எல்லோரும் கேளுங்கள். நான் கிரேக்கர்களுக்கு வெட்கக்கேடு என்கிறார். இவரிடம் கேளுங்கள், இவருடைய அம்மா இதே சிட்னியில் கோடை மாலையில் எங்கே இருந்தாள்? வீட்டுக்குள்ளேயா?"

அவர் முகம் சிவந்தது. தன் இடத்துக்குப் போய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

அவள் விடவில்லை. "இன்னொன்று. இந்தக் கார் நிறுத்துமிடம் யாருடைய சொத்து? பொதுச் சொத்து. நீங்கள் எல்லோரும் இப்போது எதில் இருக்கிறீர்கள்?"

யாரோ சிரித்தார்கள். செயலாளர், "இது கூட்டம், அதனால்தான்" என்றார் ஆங்கிலத்தில்.

"முன்வாசலில் நடப்பதும் கூட்டம்தான்" என்று ஒரு குரல் கேட்டது. என்னுடையது. இந்த நாட்டில் ஒரு சபையில் நான் ஆங்கிலத்தில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. எல்லாத் தலைகளும் திரும்பின. நான் தலை குனியவில்லை.

வாக்கெடுப்பில் தோற்றோம். பொது இடத்தில் தளபாடம் எதுவும் வைக்கக் கூடாது என்று விதி வந்தது. அவளுடைய வீட்டுச் சொந்தக்காரரும் ஆதரித்துக் கை தூக்கினார்.

மறுநாள் அந்தக் கோடையிலேயே மோசமான வெக்கை. காகங்கள் வாயைத் திறந்துகொண்டு திரிந்தன. நான் வேலையால் வந்தபோது அவள் முன்வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கதிரை இல்லை.

"நிற்பதற்குத் தடை இல்லை" என்றாள். ஆனால் அவளுடைய முழங்கால்கள் வீங்கியிருந்தன. பேக்கரியில் விடியப்புறம் தொடக்கம் நின்ற கால்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. மேலே போய் அலமாரிக்குப் பின்னால் சுருட்டி வைத்திருந்த பாயை இழுத்தேன்.

"எங்க கொண்டு போறீர்?" என்று கணவர் கேட்டார்.

"கீழ."

"கூட்டத்தில சொன்னது உமக்கு விளங்கேல்லையோ?"

"விளங்கினது. தளபாடம் வைக்கக் கூடாதெண்டுதான் சொன்னவை. பாய் தளபாடமில்லை."

"உமக்கு விசர்."

"ஓம்" என்றேன்.

சீமெந்தில் பாயை விரித்தேன். அவள் என் தோளைப் பிடித்து முனகிக்கொண்டே இறங்கி உட்கார்ந்தாள். "எழும்ப என்னால் முடியாது. இரண்டு பேர் வேண்டும்" என்றாள். நேபாளப் பெண் வந்து குழந்தையைப் பாயில் விட்டாள். அது தவழ்ந்து தவழ்ந்து வத்தகப்பழத் துண்டுக்குக் குறிவைத்தது. சற்று நேரத்தில் செயலாளர் வேலையால் வந்தார். எங்களைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். போனை எடுத்துப் படம் பிடித்தார். கீழ்வீட்டுக்காரி தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நேபாளப் பெண் குழந்தையைத் தூக்கிப் பிடித்தாள். நான் நிமிர்ந்து இருந்து, பல் தெரியச் சிரித்தேன். அவர் மேலே போய்விட்டார்.

அந்த நேரம் கதவடியில் என் கணவர் நின்றார், கையில் போனோடு.

"ஹெலன்ஸ்பர்க்கில காத்து மாறிட்டுதாம்" என்றார்.

யன்னலால் கத்திச் சொல்லியிருக்கலாம். இறங்கி வந்திருந்தார். நாங்கள் விலகி இடம் விட்டோம். அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பாயின் விளிம்பில், முதுகு சுவரில் படும்படி, தெருவைப் பார்த்தபடி இருந்தார். அவள் கோப்பி குலுக்கிக் கொடுத்தாள். வாங்கிக் குடித்தார். ஆஸ்பத்திரிப் பக்கம் போகும் ஹெலி ஒன்று தாழப் பறந்து வந்தது. அவருடைய கை கோப்பையில் இறுகியது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். எழும்பப் போகிறார் என்று நினைத்தேன். ஹெலி கட்டடங்களுக்கு மேலால் போய் மறையும்வரை அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பிறகு, "சீனி கொஞ்சம் கூட" என்றார்.

காற்று வந்தபோது கட்டடத்தின் கதவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துச் சாத்தின. அவள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு அப்படியே பாயில் சாய்ந்தாள்.

இரண்டு வீட்டுச் சொந்தக்காரர்களுக்கும் அறிவித்தல் போனது. எங்கள் வீட்டுக்காரி மெல்பேர்னில் இருப்பவர். வாடகை ஒழுங்காக வருகிறதா என்று முகவரிடம் கேட்டதோடு விட்டுவிட்டார். கீழ்வீட்டின் சொந்தக்காரர் அவளுடைய லீஸைப் புதுப்பிக்கவில்லை. காரணம் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. மார்ச் மாதச் சனிக்கிழமைகளில் செயலாளரின் வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். அன்று மட்டும் முன்வாசலில் இருக்க வேண்டாம் என்று கெஞ்சினார். "வாங்கிறவை எல்லாத்தையும் பாத்திட்டே வாங்கட்டும் தம்பி" என்றேன். பார்த்தார்கள். நல்ல விலைக்கு வாங்கினார்கள்.

அவள் ஏப்ரலில் மாரிக்வில் பக்கம் ஒரு சிறிய வீட்டுக்குப் போனாள். லொறி வரத் தாமதமான அந்தக் காலையில் அவளுடைய வீடு முழுக்க முன்வாசலில் வந்து நின்றது. கட்டில், மேசை, அலமாரி, நாலு கதிரை, சோபா. அத்தனையும் பொதுச் சொத்தில். அவள் சோபாவில் கால்மேல் கால் போட்டு இருந்து கோப்பி குடித்தாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "அழாதே, வந்து இரு" என்றாள். இருந்தேன். ஆட்கள் வளைந்து வளைந்துதான் நடந்து போனார்கள்.

புது வீட்டில் அவளுக்கு வேலி போட்ட முற்றம் இருக்கிறது. "வேலிக்குள் இருந்து யாரைப் பார்ப்பது?" என்று போனில் திட்டினாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி வருகிறேன், விருந்தாளிக்கு விதி எதுவும் இல்லையே என்றாள். வருகிறாள்.

போன டிசம்பரில் வெக்கை தொடங்கிய முதல் மாலை வேலைநாள். அவள் இல்லை. நேபாளத் தம்பதியும் வீடு மாறிப் போய்விட்டார்கள். கணவர் செவன் ஹில்ஸில், கிடங்கு வேலையில், அன்று பின்னேர ஷிப்ட். நான் பாயை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கினேன். கூட இன்னொருத்தி இருக்கும்போது இருப்பது வேறு, தனியாக இருப்பது வேறு. பாயை விரிக்கும்போது கை கூசியது. கார் ஒன்று வந்து, வழியில் நான் இல்லாதபோதும் ஹோர்ன் அடித்துவிட்டுப் போனது.

ஸ்ட்ராட்டா குழுவுக்குப் புதிதாக வந்த பெண் ஒருவர் கடிதப் பெட்டியைப் பூட்டிவிட்டு என் பக்கம் வந்தார். இளம் பெண், மரியாதையாகத்தான் கேட்டார்.

"இங்கே இப்படி இருப்பது பற்றி ஒரு விதி இருக்கிறது, உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

அவர் இன்னும் ஏதோ வரும் என்று எதிர்பார்த்து நின்றார். நான் காலை நீட்டிக்கொண்டேன்.